தூங்கும் கம்ப்யூட்டரை எழுப்புவது யார்?

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் போய் வந்தவர்கள் பார்த்திருப்பார்கள். ஒரு தெருவில் முகப்பு. அடுத்த தெருவில் பின்வாசல். நடுவே வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று நீண்டு கிடக்கும் பெரிய பெரிய வீடுகள். சொந்தக்காரர்கள் சென்னையிலோ, சிங்கப்பூரிலோ, கோலாலம்பூரிலோ இருப்பார்கள். வருஷத்தில் பல மாதம் வீடு பூட்டியே கிடக்கும். கல்யாணம் என்றால் திறப்பார்கள். நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கல் என்றால் திறப்பார்கள்.

பூட்டுவது சுலபம். திறப்பதில்தான் சாமர்த்தியம் வேண்டும். முதலில் மின்சாரம் வர வேண்டும். அப்புறம்தான் மோட்டார் ஓடும். மோட்டார் ஓடினால்தான் தொட்டியில் தண்ணீர் ஏறும். தண்ணீர் ஏறினால்தான் அடுப்படியில் வேலை நடக்கும். வரிசை தப்பினால் விருந்தாளி வந்து நிற்கும்போது குழாயில் காற்றுதான் வரும்.

நம் வீட்டு மேஜைமேல் இருக்கும் மடிக்கணினியும் தினசரி இப்படித்தான் பூட்டித் திறக்கப்படுகிறது. மூடியைச் சாத்துகிறோம்; தூங்குகிறது. திறக்கிறோம், விழிக்கிறது. விட்ட இடத்தில் கடிதம் அப்படியே நிற்கிறது. இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். ஆனால் கம்ப்யூட்டர் செய்யும் காரியங்களுக்குள் மிகச் சிக்கலானவற்றில் இதுவும் ஒன்று. அதற்கென்று எழுதிய கட்டளைகளை வரி வரியாகப் படித்துச் சரி பார்ப்பதற்கென்றே உலகத்தில் ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் வேலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எது தூங்குகிறது, எது விழித்திருக்கிறது?

1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா ஆகிய மூன்று கம்பெனிகளும் சேர்ந்து ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டன. கம்ப்யூட்டர் எப்படித் தூங்க வேண்டும், எப்படி எழுந்திருக்க வேண்டும் என்பதற்கு அதில் படிகள் வகுத்திருக்கிறார்கள். அவற்றில் மூன்றாவது படிதான் நாம் வெகுகாலமாகப் பழகிய தூக்கம். அந்த நிலையில் கணக்குப் போடும் மூளையான பிராசஸருக்கு மின்சாரம் கிடையாது. திரைக்குக் கிடையாது. டிஸ்க்குக்குக் கிடையாது. நினைவகம் ஒன்றுக்கு மட்டும் சொட்டுச் சொட்டாக மின்சாரம் போய்க்கொண்டிருக்கும்.

அதையும் நிறுத்தினால் என்ன? நினைவகம் என்பது ஓட்டைப் பானை மாதிரி. அதில் வைத்த மின்னேற்றம் தானாகக் கசிந்துவிடும். சுமார் 64 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை, அதாவது ஒரு செகண்டில் பதினைந்து தடவைக்கு மேல், அதைத் திரும்ப நிரப்ப வேண்டும். தூக்கத்திலும் நினைவகம் இந்த வேலையைத் தானே செய்துகொள்கிறது. நாம் எழுதிய பாதிக் கடிதம் அந்தச் சொட்டு மின்சாரத்தில்தான் உயிர் வைத்திருக்கிறது.

விழிக்கும்போது வருஷம் 1978!

மூடியைத் திறந்ததும் என்ன நடக்கிறது? இன்டெல், ஏ.எம்.டி. வகை யந்திரங்களில் இது வேடிக்கையான கதை.

மின்சாரம் போனதால் பிராசஸருக்குத் தன்னைப் பற்றிய ஞாபகம் எதுவும் இல்லை. அது எழுந்திருக்கும்போது, 1978-ல் இன்டெல் செய்த 8086 என்ற பழைய சில்லின் புத்தியோடு எழுந்திருக்கிறது. 16 பிட் கணக்குத்தான் தெரியும். சுமார் ஒரு மெகாபைட் நினைவகம்தான் கண்ணுக்குத் தெரியும். அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு நினைவகம் பக்கத்திலேயே இருந்தும் குருடு.

லினக்ஸ் என்ற இயக்க முறையின் உள்ளே, அந்த ஒரு மெகாபைட்டுக்குள் ஒரு சிறிய கட்டளைத்துண்டை முன்கூட்டியே வைத்துவிட்டுத்தான் கம்ப்யூட்டரைத் தூங்க வைக்கிறார்கள். விழித்தபின் லினக்ஸின் வரிகளில் பிராசஸர் அதைத்தான் முதலில் படிக்கும். அந்தத் துண்டு பிராசஸரைக் கையைப் பிடித்து, 1985-ல் வந்த 32 பிட் நிலைக்கு அழைத்துப்போகிறது. பிறகு 2003-ல் வந்த 64 பிட் நிலைக்கு ஏற்றுகிறது. கால் நூற்றாண்டுச் சரித்திரத்தை நாம் மூடியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் கண் இமைக்கும் நேரத்தில் வாழ்ந்து முடிக்கிறது!

மேலே வந்ததும் ஒரு சோதனை. தூங்குமுன் நினைவகத்தில் ஒரு ரகசிய எண்ணை எழுதி வைத்திருப்பார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகப் போகும் எண்தான். அது அப்படியே இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் மேலே போகும். மாறியிருந்தால்? அந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி நிற்கும். ஓர் அடி நகராது. வேண்டுமென்றே அப்படி எழுதியிருக்கிறார்கள். நினைவகம் கெட்டுப்போன பிறகு அதை நம்பி டிஸ்க்கில் கைவைத்தால், சேமித்த கோப்புகளும் பாழாகும். தப்புக் கணக்கை வைத்துக்கொண்டு கடை நடத்துவதைவிடக் கடையை மூடியிருப்பதே மேல் அல்லவா?

சாட்சி இல்லாத விபத்து

மற்ற இடங்களில் கம்ப்யூட்டர் தவறினால் திரையில் ஏதாவது செய்தி வரும். இல்லாவிட்டால் டிஸ்க்கில் ஒரு குறிப்பாவது எழுதிவிட்டுச் சாகும். விழிக்கும் வழியில் தவறினால் அந்த வசதி கிடையாது. திரை இன்னும் விழிக்கவில்லை, டிஸ்க்கும் விழிக்கவில்லை, நெட்வொர்க்கும் இல்லை. கறுத்த திரை ஒன்றுதான் மிஞ்சும். நாம் பொத்தானை அழுத்தி அணைத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறோம். நினைவகத்தில் இருந்த தடயமும் அதோடு போய்விடுகிறது. எந்த இடத்தில் தவறியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

லினக்ஸை 1991-ல் தொடங்கிய பின்லாந்துக்காரர் லினஸ் டோர்வால்ட்ஸ் 2006-ல் இதற்கு ஒரு தந்திரம் செய்தார். யந்திரத்தை அணைத்துப் போட்டாலும் அழியாத ஒரு பொருள் உள்ளே இருக்கிறதா என்று தேடினார். ஒன்றே ஒன்று அகப்பட்டது. கடிகாரம்! கம்ப்யூட்டருக்குள் தேதியும் மணியும் காட்டும் சிறு கடிகாரம் ஒன்று பித்தான் போன்ற பாட்டரியில் தனியாக ஓடிக்கொண்டிருக்கும்.

டோர்வால்ட்ஸ் அந்தக் கடிகாரத்தையே குறிப்பு நோட்டாக்கினார். விழிக்கும் வழியில் ஒவ்வொரு கட்டத்திலும் தான் நிற்கும் இடத்தை ஓர் எண்ணாக மாற்றி, வருஷம், மாதம், தேதி, மணி, நிமிஷம் என்ற உருவில் கடிகாரத்தில் எழுதிவிடும். சுமார் 1 கோடியே 60 லட்சம் வெவ்வேறு குறிப்புகளை இப்படி எழுத முடியும். யந்திரம் நின்றுபோனால், மூன்று நிமிஷத்துக்குள் மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அதற்குமேல் போனால் கடிகாரம் நகர்ந்து குறிப்பு மாறிவிடும். கெர்னல் கடிகாரத்தைப் படித்து, கடைசியாகக் கடந்த வரி எது, எந்தச் சாதனத்தை எழுப்பும்போது நின்றது என்று சொல்லிவிடும். கடிகாரத்தின் தேதி கெட்டுத்தான் போகும். குற்றவாளி அகப்பட்டால் தேதி போனால் என்ன, திருத்திக்கொள்ளலாம்!

ஐந்தொகை பார்ப்பதுபோல

ஆனால் விபத்து நடந்த பிறகு துப்புத் துலக்குவதைவிட, விபத்து வராமல் தடுப்பது நல்லது. அதற்குத்தான் சரி பார்ப்பவர்கள். லினக்ஸின் கருவறைக்குக் கெர்னல் என்று பெயர். அதில் ஒரு வரியை மாற்ற வேண்டுமானாலும், மாற்றத்தை எல்லோரும் படிக்கும்படி முன்கூட்டியே வெளியிட வேண்டும். மற்றவர்கள் படித்துக் கேள்வி கேட்பார்கள். எழுதியவர் பெயர், கைமாற்றியவர் பெயர், படித்துப் பார்த்தவர் பெயர், ஓட்டிப் பார்த்தவர் பெயர் எல்லாம் மாற்றத்தின் அடியில் ஏறும். எழுதியவரும் கைமாற்றியவரும் கையெழுத்திடும் வழக்கம் 2004-ல் வந்தது. தூக்கம், விழிப்பு சம்பந்தமான பகுதிக்குப் பல வருஷங்களாகப் பொறுப்பாளர் போலந்துக்காரரான ரஃபால் விசோட்ஸ்கி.

செட்டிநாட்டாருக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கடை நடத்திய காலத்தில் ஏஜெண்டு, மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசையாக ஆள் இருந்தார்கள். ஏஜெண்டு கடல் கடந்து இருப்பார். முதலாளி ஊரில் இருப்பார். நேரில் போய்ப் பார்க்க முடியாது. பேரேட்டையும் ஐந்தொகையையும் பார்த்துத்தான் கடையின் யோக்கியதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். விழிக்கும் கம்ப்யூட்டரையும் அப்படித்தான் நேரில் பார்க்க முடியாது. எழுதிய வரிகளைப் பார்த்தே அதன் யோக்கியதையை எடை போட வேண்டும்.

சரி பார்ப்பவர் என்னென்ன கேட்பார்? முக்கியமாக ஐந்து கேள்விகள்.

முதலாவது, பற்றுக்கு வரவு இருக்கிறதா? தூங்குமுன் எடுத்து வைத்த ஒவ்வொன்றும் விழித்தபின் திரும்ப வைக்கப்பட வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் கணக்கு இடிக்கும்.

இரண்டாவது, வரிசை சரியா? தூங்கும்போது கிளைச் சாதனம் முதலில், தாய்ச் சாதனம் பிறகு. விழிக்கும்போது தாய் முதலில், கிளை பிறகு. தாய் இன்னும் எழுந்திருக்காதபோது கிளையைத் தட்டி எழுப்பினால் அது பேசாது.

மூன்றாவது, பாதி வழியில் தடங்கல் வந்தால்? பத்துச் சாதனங்களில் ஆறு தூங்கியபின் ஏழாவது மறுத்தால், அந்த ஆறையும் ஒழுங்காக எழுப்பித் திரும்ப வேண்டும். நல்ல வழியை எல்லோரும் சோதிப்பார்கள். திரும்பி வரும் வழியைச் சோதிப்பவர் குறைவு. பிழைகள் பதுங்கும் இடம் அதுதான்.

நான்காவது, காத்திருக்கக் கூடாத இடத்தில் காத்திருக்கிறதா? கடைசிக் கட்டத்தில் மற்றச் சாதனங்களின் அழைப்பு மணிகளையெல்லாம் நிறுத்திவிடுவார்கள். அந்த வேளையில் ஒரு வரி 'இன்னொருவர் பதில் சொல்லட்டும்' என்று உட்கார்ந்தால், பதில் வரவே வராது.

ஐந்தாவது, இரண்டு காரியம் ஒரே கணத்தில் நடந்தால்? இதுதான் ஐந்திலும் பொல்லாதது. இதற்கு இரண்டு உண்மைக் கதைகளைப் பார்ப்போம்.

கதவைத் தாழிடும்போது விருந்தாளி

முதல் கதை கைப்போனைப் பற்றியது. கைப்போன் பாட்டரியை மிச்சப்படுத்த, சந்து கிடைத்தபோதெல்லாம் தூங்கப் பார்க்கும். அது தாழ்ப்பாள் போடும் அதே கணத்தில் ஒரு அழைப்பு வந்தால்? விருந்தாளி கதவைத் தட்டுகிறார். உள்ளே இருப்பவர் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுகிறார். தட்டியது காதில் விழவில்லை.

ஆண்ட்ராய்டை உருவாக்கிய கூகிள் இன்ஜினீயர்கள் இதற்கு ஒரு பூட்டு செய்திருந்தார்கள். 'எனக்கு வேலை இருக்கிறது, தூங்காதே' என்று நிரல்கள் பிடித்துக்கொள்ளும் பூட்டு. 2009-ல் அதை லினக்ஸில் சேர்க்கக் கொண்டுவந்தார்கள். சரி பார்ப்பவர்கள் ஒப்பவில்லை. எந்த நிரலும் பூட்டைப் பிடித்துக்கொண்டு பாட்டரியைத் தின்றுவிடலாமே என்றார்கள். விவாதம் மாதக்கணக்கில் நடந்தது, சூடும் பறந்தது. 2010-ல் விசோட்ஸ்கி வேறு வழி கொண்டுவந்தார். எத்தனை தட்டல்கள் வந்தன என்று ஓர் எண்ணிக்கை. படுக்கப் போகுமுன் எண்ணைக் குறித்துக்கொள். தாழிடும் கணத்தில் எண் மாறியிருந்தால் படுக்காதே. அவ்வளவுதான். 2012-ல் வெளிவந்த 3.5-வது பதிப்பில், ஆண்ட்ராய்டுக்கு ஏற்ற தானியங்கித் தூக்கமும் அதன்மேல் கட்டப்பட்டு இடம் பெற்றது. மூன்று வருஷத் தர்க்கம் வீண் போகவில்லை.

இரண்டாவது கதையில் நம் நாட்டவர் வருகிறார். இப்போதைய கம்ப்யூட்டர்களில் பிராசஸர் ஒன்றல்ல, பல. தூங்குமுன் நிரல்களையெல்லாம் முதலில் அசையாமல் உறைய வைப்பார்கள். பிறகு ஒரே ஒரு பிராசஸரை வைத்துக்கொண்டு மற்றவற்றை நிறுத்துவார்கள். விழித்ததும் அந்த ஒன்று மற்றவற்றை ஒவ்வொன்றாக எழுப்பும்.

ஆனால் தூக்கத்துக்குச் சம்பந்தமில்லாமலும் ஒரு பிராசஸரை நிறுத்தித் திரும்ப ஓட்டலாம். அந்த வேலையும் உறைய வைக்கும் வேலையும் ஒரே நேரத்தில் நடந்தால் என்ன ஆகும்? 'நிரல்கள் உறைந்துவிட்டன' என்றோ 'உறையவில்லை' என்றோ அனுப்பும் அறிவிப்பு, போய்ச் சேருமுன் பொய்யாகிவிடும். விழித்திருப்பதாக நம்பி, உறைந்துபோன ஒருவரிடம் உதவி கேட்டுக்கொண்டு நிற்கும் நிலை வரும். இருபது செகண்டு பார்த்துவிட்டுக் கெர்னல் தூக்கத்தையே ரத்து செய்துவிடும். இதைத் திருத்தும் மாற்றத்தை 2011 நவம்பரில் எழுதியவர், அப்போது ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்ரீவத்ச பட். ஒரு வேலை முடியும்வரை மற்றது வாசலில் நிற்க வேண்டும் என்பதுதான் திருத்தத்தின் சாரம். எத்தனையோ ஆயிரம் தடவையில் ஒரு தடவை வரக்கூடிய பிழை. ஆனால் உலகத்தில் கோடிக்கணக்கான யந்திரங்கள் தினமும் தூங்கி விழிக்கும்போது, ஆயிரத்தில் ஒன்று என்பது சின்ன எண் அல்ல.

திருடனுக்கும் அதுவே நேரம்

கறுத்த திரையோடு போனால் பரவாயில்லை. அதைவிடப் பெரிய அபாயமும் விழிப்பில் உண்டு.

கம்ப்யூட்டரை முதலில் ஓட்டும்போது அடிப்படை மென்பொருள் சில கதவுகளைப் பூட்டிவிடும். வெளியாள் அந்த மென்பொருளை மாற்றி எழுதாமல் காக்கும் பூட்டுகள் அவை. தூக்கத்தில் அந்தப் பூட்டுகளும் அவிழ்ந்துவிடும். விழித்ததும் மறுபடி பூட்ட வேண்டும். எப்படிப் பூட்டுவது என்ற பட்டியல் நினைவகத்தில் இருக்கும். பல யந்திரங்களில் அந்தப் பட்டியல் காவல் இல்லாமல் கிடந்தது. முன்பே உள்ளே புகுந்தவன் பட்டியலைத் திருத்தி வைத்துவிட்டு, கம்ப்யூட்டரைத் தூங்க வைத்து எழுப்பினால் போதும், பூட்டு விழாது. 2014 டிசம்பரில் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் நடந்த மகாநாட்டில் ரஃபால் வோய்ச்சுக், கோரி கல்லன்பர்க் என்ற இருவர் இதை அம்பலப்படுத்தினார்கள். கம்பெனிகள் இதற்குத் திருத்தம் வெளியிட்டன.

லினக்ஸின் வரிகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அடிப்படை மென்பொருள்களில் பலவற்றைத் தயாரித்தவர்கள் மட்டுமே படிக்க முடியும். பல கண்கள் பாராத இடத்தில் பிழை நெடுநாள் தங்கும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

காரைக்குடியின் பங்கு

இதில் காரைக்குடிக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இருக்கிறது.

வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25-ந் தேதி பண்டித நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ந் தேதி, பொங்கலன்று, அப்போது துணை ஜனாதிபதியாக இருந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். அதுதான் காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். துருப்பிடிக்காமல் காப்பதிலிருந்து பாட்டரி வரையில் அங்கே ஆராய்ச்சி நடக்கிறது. அங்கே உருவான லித்தியம் அயான் பாட்டரித் தொழில்நுட்பத்தை ஒரு தனியார் நிறுவனத்துக்கு வழங்க 2018 ஜூனில் ஒப்பந்தம் ஏற்பட்டது.

தூங்கும் யந்திரத்தின் நினைவகத்துக்குச் சொட்டு மின்சாரம் கொடுப்பது பாட்டரி. டோர்வால்ட்ஸின் தந்திரத்துக்குக் கைகொடுத்த கடிகாரத்தை ஓட்டுவதும் பாட்டரி. பெரும்பாலான மேஜைக் கம்ப்யூட்டர்களில் அது 20 மில்லிமீட்டர் அகலமுள்ள, மூன்று வோல்ட் லித்தியம் வில்லை. கம்ப்யூட்டர் எத்தனை நாள் நிம்மதியாகத் தூங்கும் என்பது பாதி மின்வேதியியல். மீதிப் பாதி அந்தக் கட்டளை வரிகள். எழுதிய வரி சரியில்லாவிட்டால் எப்பேர்ப்பட்ட பாட்டரியும் ஒரு ராத்திரியில் காலியாகும்.

இது இப்போது இன்னும் முக்கியமாகிவிட்டது. அண்மைக்காலத்தில் வரும் மடிக்கணினிகள் பலவற்றில் பழைய ஆழ்ந்த தூக்கம் கிடையாது. கைப்போன்போல அரைத்தூக்கம்தான். பிராசஸர் தன் ஞாபகத்தை இழப்பதில்லை, சட்டென்று விழிக்கும். ஆனால் ஒரே ஒரு சாதனம் தூங்க மறுத்தால் முழு யந்திரமும் சூடாகிக்கொண்டே இருக்கும். பையில் வைத்த மடிக்கணினி, பஸ்ஸை விட்டு இறங்கிப் பார்த்தால் அனலாகக் கொதிக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு.

மாணவர்கள் செய்யக் கூடியது

இந்தச் சரி பார்க்கும் வேலைக்குப் பெரிய ஆராய்ச்சிக்கூடம் தேவையில்லை. பழைய மடிக்கணினி ஒன்று போதும். லினக்ஸிலேயே ஒரு சோதனை வசதி உண்டு. நிரல்களை உறைய வைப்பதோடு நிறுத்து, சாதனங்களைத் தூங்க வைப்பதோடு நிறுத்து, பிராசஸர்களை நிறுத்துவதோடு நிறுத்து என்று கட்டம் கட்டமாகச் சொல்லலாம். அந்தக் கட்டம்வரை போய், ஐந்து செகண்டு இருந்துவிட்டுத் திரும்பி வரும். எந்தக் கட்டத்தில் திரும்பி வரவில்லையோ அங்கேதான் நோய். கடிகாரத்தில் அலாரம் வைத்து, தூங்கி, தானே விழிக்கும்படியும் செய்யலாம். ராத்திரி முழுவதும் நூறு தடவை தூங்கி விழிக்க விட்டுக் காலையில் கணக்குப் பார்க்கலாம்.

பிழையைக் கண்டு, எந்த யந்திரம், எந்தப் பதிப்பு, எத்தனை தடவையில் ஒன்று என்று தெளிவாக எழுதி அனுப்பினால், வார்சாவில் இருந்து வந்தாலும் காரைக்குடியில் இருந்து வந்தாலும் ஒரே மரியாதைதான். திருத்தம் உங்கள் யந்திரத்தில் பலித்தால், ஓட்டிப் பார்த்தவர் என்று உங்கள் பெயரும் ஏறும். அந்தப் பெயரை யாரும் அழிப்பதில்லை.

காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் அரசு இன்ஜினீயரிங் கல்லூரி 1952-லிருந்து இருக்கிறது. அழகப்பா பல்கலைக் கழகம் 1985-லிருந்து இருக்கிறது. மின்வேதியியல் நிலையம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. வரி வரியாகக் கணக்குப் பார்த்துக் காலணா இடித்தாலும் விடாத பரம்பரைப் பழக்கம் ஊரிலேயே இருக்கிறது. புதிதாக நிரல் எழுதக் கற்றுக்கொடுக்க ஆயிரம் பேர் வருவார்கள். பிறர் எழுதியதைப் பொறுமையாகப் படித்து, 'இந்த இடத்தில் தடங்கல் வந்தால் என்ன செய்வாய்?' என்று கேட்கக் கற்றுக்கொடுப்பவர்தான் குறைவு. கல்லூரிகளில் அதற்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் என்ன?